பாடாத பாடகர்: மார்க் இ. ஸ்மித்தை ரசிகர்கள் நினைவுகூரும் விதம்

இங்கிலாந்தின் ‘தி ஃபால்’ இசைக்குழுவின் பாடகர் மார்க் இ. ஸ்மித் 2018 ஜனவரி 24 அன்று, மான்செஸ்டருக்கு வடக்கேயுள்ள பிரெஸ்ட்விச்சில் தம் வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் புற்றுநோய் இருந்ததாகக் குடும்பத்தினர் பின்னர் தெரிவித்தனர். அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பற்றிய கட்டுரைகளும் ஒலிபரப்புகளும் நூல்களும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

இவற்றைப் படித்துவிட்டு அவருடைய இசைத்தட்டு ஒன்றை முதன்முதலாகக் கேட்பவர் குழம்பிப்போவது இயல்பு. சுருதியோடு ஒட்டாத குரல், மெட்டு என்று சொல்லத்தக்க எதுவும் அரிதாகவே தென்படும் பாட்டு, பாதிக்கு மேல் காதில் பிடிபடாத சொற்கள். போதாக்குறைக்கு, 40 ஆண்டுகளில் 60க்கும் மேற்பட்டோர் அவருடைய குழுவில் சேர்ந்து, விலகியோ விலக்கப்பட்டோ போயிருக்கிறார்கள். பிரிட்டனின் தனிப்பாடல் (சிங்கிள்) விற்பனைத் தரவரிசையில் தி ஃபால் எட்டிய மிக உயர்ந்த இடம் 30. 1987இல் கிடைத்த அந்த இடமும் இன்னொருவர் பாடலின் மறுவடிவத்துக்குத்தான். அப்படியிருக்க, இவ்வளவு பேர் இவ்வளவு ஆழமாக எதற்காகத் துக்கம் காக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட, அவர் எந்த இசை மரபிலிருந்து வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போஸ்ட்-பங்க் என்பது என்ன

1976, 1977 ஆண்டுகளில் பிரிட்டனில் வெடித்துக் கிளம்பிய பங்க் இசையின் அடிப்படைக் கொள்கை எளிமையானது: மேடையேற யாருடைய அனுமதியும் தேவையில்லை, கிட்டாரில் மூன்று கார்டுகள் (chords, சுரக்கூட்டுகள்) தெரிந்தால் போதும். ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் வேகமான தாளம், இரைச்சலான கிட்டார், கோபமான கோஷம் என்று பங்க்கும் ஒரு வாய்பாடாகிவிட்டது. அதன் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு வாய்பாட்டை மட்டும் உதறியவர்களின் இசையே போஸ்ட்-பங்க் எனப்பட்டது. ஏறத்தாழ 1978 முதல் 1984 வரை அதன் உச்சகாலம். எதிரொலி மேலோங்கிய ஜமைக்காவின் டப் இசை, ஜெர்மனியின் ‘கான்’ போன்ற குழுக்களின் நீண்ட சுழல்தாளங்கள், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசையான ஃபங்க் (funk) என்று எங்கிருந்து வேண்டுமானாலும் அது கடன் வாங்கியது. கிட்டார் பின்னுக்குப் போய், பல குழுக்களில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரே மெட்டைச் சுமக்கத் தொடங்கியது. பாடகர்களும் பழைய பொருளில் ‘நன்றாக’ப் பாட வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டார்கள்.

மான்செஸ்டரில் இதற்கு ஒரு திட்டவட்டமான தொடக்கம் உண்டு. 1976 ஜூனிலும் ஜூலையிலும் அந்நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேடு ஹால் அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு இரண்டு நிகழ்ச்சிகளை நடத்தியது. அந்த இரண்டில் ஒன்றையாவது பார்த்தவர்களில் பின்னாளில் ‘ஜாய் டிவிஷன்’ குழுவை அமைத்தவர்களும் இருந்தார்கள், ஸ்மித்தும் அவருடைய நண்பர்களும் இருந்தார்கள். அவ்வாண்டே அந்த நண்பர் குழாம் தி ஃபால் ஆயிற்று. பெயர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது.

ஸ்மித்தின் பின்னணி இங்கே முக்கியம். 1957 மார்ச் 5 அன்று சால்ஃபோர்டில் பிறந்து பிரெஸ்ட்விச்சில் வளர்ந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டு, இறைச்சித் தொழிற்சாலையிலும் பின்னர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு எழுத்தராகவும் வேலை பார்த்தவர். கலைக் கல்லூரி வழியாக இசைக்கு வந்த பல பிரிட்டிஷ் பாடகர்களைப்போல அவர் வரவில்லை. ஆர்தர் மேச்சன், எச். பி. லவ்கிராஃப்ட் ஆகியோரின் அமானுஷ்யக் கதைகளையும் நவீனத்துவ எழுத்தாளர் விண்டம் லூயிஸின் எழுத்தையும் தாமாகவே தேடிப் படித்தார். ‘உழைக்கும் வர்க்கத்துக் கலைஞன் எளிமையாகத்தான் எழுதுவான்’ என்ற எதிர்பார்ப்பை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவரைப் பற்றி மிக ஆழமாக எழுதிய விமர்சகர்களில் ஒருவரான மார்க் ஃபிஷர், எழுபதுகளின் இறுதியில் தொடங்கிய தி ஃபாலின் இசைத்தட்டுகளை நவீனத்துவ இலக்கியத்தோடு ஒப்பிட்டது இதனால்தான்.

குரல்: என்ன செய்தார், எப்படிச் செய்தார்

ரசிகர்களின் நினைவுகள் பெரும்பாலும் பாட்டுகளைவிடக் குரலையே சுற்றி வருகின்றன. அந்தக் குரலில் கவனிக்க வேண்டியவை சில.

1. பல வரிகளின் கடைசிச் சொல்லோடு ‘அ’ என்ற ஓர் உபரி ஒலியை ஒட்டுவது அவருடைய முத்திரை. கேட்ட மாத்திரத்தில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். போலி செய்வதும் எளிது, பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அது வெறும் அலங்காரம் அன்று. மெட்டின் துணையில்லாமல் பேசுகிறவருக்கு வரி முடிகிற இடத்தைத் தாளத்தின்மேல் ஆணியடித்துக் காட்ட ஒரு வழி வேண்டும். அந்த ‘அ’ ஒரு தாளவாத்தியத்தின் வேலையைச் செய்தது.

2. அவர் பாடவில்லை; பேசினார், ஏசினார், அறிவித்தார், முணுமுணுத்தார். வடக்கு இங்கிலாந்தின் பேச்சுவழக்கை மழுப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அமெரிக்க உச்சரிப்பில் பாடுவதே பிரிட்டிஷ் ராக் பாடகர்கள் பலரின் வழக்கமாக இருந்த காலத்தில் இது ஒரு நிலைப்பாடு.

3. அவர் ஒரே ஆளாகப் பேசவில்லை. ஒரே பாட்டுக்குள் விளம்பரக்காரர், மதுக்கடை வம்பர், பேய்க்கதை சொல்லி, செய்தித்தாள் தலைப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். எந்த வரியை யார் சொல்கிறார் என்று காட்டும் குறிப்பு எதுவும் இருக்காது. சொற்கள் புரியாமல் போவதற்கு உச்சரிப்பு பாதிக் காரணம் என்றால், பேசுகிறவர் சொல்லாமல் மாறிக்கொண்டே இருப்பது மீதிக் காரணம். ரசிகர்கள் வரிவரியாக உரை எழுதிக்கொண்டிருப்பது இதன் விளைவு. ஒரு சால்ஃபோர்டு தெருப்பெயர், மறந்துபோன ஒரு தொலைக்காட்சி விளம்பரம், மேச்சனின் கதை ஒன்றிலிருந்து நழுவி வந்த ஒரு சொற்றொடர் என்று அவர்கள் கண்டெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை.

4. குரலைத் தூய்மையாகப் பதிவு செய்வதில் அவருக்கு ஆர்வமே இல்லை. மெகாஃபோன், மலிவான கேசட் ரெக்கார்டர் ஆகியவற்றின் வழியாக வந்த கரகரப்பான ஒலியைச் சீராகப் பதிவான இசைக்கு நடுவில் அப்படியே செருகினார். ஆல்பம் உறைகளிலும் இதே குணம் தெரியும்: அவருடைய கோணல்மாணலான கையெழுத்தும் கிறுக்கல்களுமே சில உறைகளின் வடிவமைப்பு.

மேடையிலும் அவர் பாடகருக்குரிய இலக்கணத்தைப் பின்பற்றவில்லை. சாதாரணச் சட்டையோ ஸ்வெட்டரோ அணிந்து, பாடல் தாள்களைக் கையில் பிடித்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். நடுவில் போய்க் கிட்டார் கலைஞரின் ஆம்ப்ளிஃபயர் குமிழ்களைத் திருகுவார், டிரம்ஸின் மைக்கைப் பிடுங்குவார், கீபோர்டில் கைவைத்துக் குழப்புவார். சில நிகழ்ச்சிகளில் மேடையை விட்டு இறங்கி, உள்ளே ஒப்பனை அறையிலிருந்தே பாடியிருக்கிறார். பார்வையாளர்களுக்கு இது எரிச்சலாகவும் இருந்தது, அடுத்த நொடி என்ன நடக்கும் என்ற பதற்றமாகவும் இருந்தது. மனப்பாடமாக வாசிக்கத் தொடங்கிய கலைஞர்களை உலுக்கி எழுப்புவதற்கே இதெல்லாம் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். என் கணிப்பில் அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. மற்ற பகுதிக்குப் பின்னால் வருகிறேன்.

திரும்பத் திரும்ப வருதலும் ஜான் பீலும்

தி ஃபால் தொடக்கத்திலேயே அறிவித்துக்கொண்ட கொள்கை, ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிப்பது. ஸ்டீவ் ஹான்லியின் பேஸ் கிட்டார் நான்கைந்து சுரங்களைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் நகராமல் நிற்கும். கிரெய்க் ஸ்கேன்லனின் கிட்டார் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். 1982இல் வெளிவந்த ‘ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்’ ஆல்பத்தில் இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள். அதன் ஒரு பகுதி ஐஸ்லாந்திலும், இன்னொரு பகுதி ஹிட்சின் நகரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு திரையரங்கிலும் பதிவாயின. நகராத அந்த இசையின்மேல்தான் ஸ்மித்தின் சொற்கள் கட்டற்று ஓடின. அடித்தளம் அவ்வளவு உறுதியாக இல்லாமல் அவருடைய பேச்சு மட்டும் இருந்திருந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்கியிருக்காது. ஹான்லி 1979 முதல் 1998 வரை குழுவில் இருந்தார். அவரைக் குறிப்பிடாத எந்த ஸ்மித் புகழுரையும் அரைகுறையானது என்பதை இங்கே அழுத்தியே சொல்ல வேண்டும்.

இந்த இசை பரவலான காதுகளுக்குப் போனதில் பிபிசி வானொலியின் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீலுக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு நேரத்தில் ஒலிபரப்பான அவருடைய நிகழ்ச்சிக்காகக் குழுக்களை லண்டனின் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, வழக்கமாக நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்வார்கள். ‘பீல் அமர்வு’ எனப்பட்ட இந்தப் பதிவுகளை தி ஃபால் 1978 முதல் 2004 வரை 24 முறை செய்தது. அவர்கள் எப்போதும் வேறாகவும் எப்போதும் அதேபோலவும் இருக்கிறார்கள் என்று பீல் சொன்னதை ரசிகர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஒரு சிற்றூரில் படுக்கையறை வானொலியில் யாருக்கும் தெரியாமல் கேட்ட அந்தக் குரல், ஒரு தலைமுறையின் அந்தரங்கச் சொத்தாயிற்று. ரசிகர்களின் பிடிப்பு பெரிய அரங்குகளில் உருவானதன்று. ஆகவே இழப்பையும் அவர்கள் ஒரு நட்சத்திரத்தின் மறைவாக உணராமல், வீட்டுக்கு நீண்டகாலம் வந்துபோன ஒருவரின் மறைவாக உணர்ந்தார்கள். 2004 அக்டோபரில் பீல் இறந்தபோது தொலைக்காட்சியில் தோன்றிய ஸ்மித்தோ, இரங்கல் சொல்லும் வழக்கமான முறையில் எதுவும் சொல்லவில்லை, பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

இயன் கர்ட்டிஸும் ஸ்மித்தும்: இரண்டு வகை நினைவு

அதே நகரத்து ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுச் சென்றவை இரண்டே ஸ்டுடியோ ஆல்பங்களும் சில தனிப்பாடல்களும். அவற்றிலும் இரண்டாவது ஆல்பம் அவர் இறந்த பிறகே வெளிவந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்டு மயானத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லைத் தேடி இன்றும் ரசிகர்கள் வருகிறார்கள்; 2008இல் அந்தக் கல் திருடுபோனது செய்தியானது. கர்ட்டிஸைப் பற்றிய நினைவு ஒரே வயதில், ஒரே கறுப்பு-வெள்ளைப் படத்தில் நின்றுவிட்டது. எல்லா ரசிகர்களும் ஒரே கர்ட்டிஸைத்தான் நினைக்கிறார்கள்.

ஸ்மித் விஷயத்தில் அது நடக்கவில்லை. 1979இல் முதல் ஆல்பம், 2017இல் கடைசி ஆல்பம். இடையில் மொத்தம் 30க்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள். பழைய புகழ்பெற்ற பாடல்களை மேடையில் பாடச் சொல்லிக் கேட்பவர்களை அவர் பொருட்படுத்துவதே இல்லை. புதிய ஆல்பமும் இனி வரப்போகும் ஆல்பமுமே நிகழ்ச்சியை நிரப்பும். 1981இல் அறிமுகமானவருக்கு ஹான்லி, ஸ்கேன்லன், மார்க் ரைலி ஆகியோரின் தி ஃபால். 1985இல் வந்தவருக்கு, ஸ்மித்தை மணந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் பிரிக்ஸ் ஸ்மித் குழுவுக்குக் கொண்டுவந்த பாப் பளபளப்பு. 1988இல் நடனக் கலைஞர் மைக்கேல் கிளார்க்கோடு இணைந்து மேடையேறிய பாலே வழியாக வந்தவர்களும் உண்டு; 1993இல் ஆல்பம் தரவரிசையில் 9ஆம் இடம் பிடித்தபோது வந்தவர்களும் உண்டு. 2007க்குப் பின் வந்த இளைஞர்களுக்கோ, ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரும்பாலும் ஆள் மாறாமல் நிலைத்த கடைசி அணியே அசல்.

எனவே ரசிகர்கள் கூடும்போது அங்கே ஒருமித்த புகழ்ச்சியைவிட வாக்குவாதமே அதிகம். எந்தக் காலம் சிறந்தது, யாரை நீக்கியது பிழை, எந்த அமர்வுப் பதிவு ஆல்பத்தைவிட மேல் என்ற விவாதங்கள் ஓய்வதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். உண்மையில், பழைய பெருமையில் குளிர்காய மறுத்த ஒருவரை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

சில அடையாளங்கள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக அமைந்தன. இறந்த ஆண்டிலேயே பிரெஸ்ட்விச்சில் ஒரு மீன்-சிப்ஸ் கடையின் பக்கச்சுவரில், அக்ஸே என்ற தெரு ஓவியர் ஸ்மித்தின் முகத்தைப் பெரிதாக வரைந்தார். மான்செஸ்டரில் கர்ட்டிஸின் முகத்தை வரைந்தவரும் இவரே. கர்ட்டிஸின் அந்த ஓவியம் 2022இல் ஒரு ராப் பாடகரின் ஆல்பம் விளம்பரத்துக்காக அழிக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இறந்த பாடகர்களின் முகம் ஒரு நகரத்தின் பொதுச்சொத்தாக எவ்வளவு வேகமாக மாறிவிடுகிறது என்பதை இந்த இரண்டு சுவர்களும் காட்டுகின்றன.

நினைவேந்தலில் விடுபடுவது

கடைசி நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியே இரங்கல் கட்டுரைகளில் அதிகம் இடம்பெற்றது. 2017 நவம்பர் 4 அன்று கிளாஸ்கோவில், நோயால் உருக்குலைந்த நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் பாடினார். அந்த மனவலிமை உண்மையானது. ஆனால் அது மட்டுமே நினைவில் நின்றால் சில விஷயங்கள் மறைந்துபோகும்.

1. நீக்கப்பட்டவர்களின் கதை வேடிக்கைத் துணுக்காகச் சுருங்கிவிட்டது. தாமும் யாரோ ஒருவருடைய பாட்டியும் ஒரு போங்கோ மேளமும் இருந்தாலும் அது தி ஃபால்தான் என்ற பொருளில் ஸ்மித் சொன்னதாக வழங்கும் வாசகத்தை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். ஊதியம், பாடல் உரிமை, வேலைப் பாதுகாப்பு என்று எதுவும் நிச்சயமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அது வேடிக்கை அன்று. பத்திரிகையாளர் டேவ் சிம்ப்சன் முன்னாள் உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து எழுதி 2008இல் வெளியிட்ட நூலும், ஹான்லி பின்னர் எழுதிய நினைவுக்குறிப்பும் அந்தப் பக்கத்தைப் பதிவு செய்திருக்கின்றன.

2. வன்முறையும் இருந்தது. 1998 ஏப்ரலில் நியூயார்க்கில் மேடையிலேயே கைகலப்பு நடந்தது. 19 ஆண்டுகள் உடனிருந்த ஹான்லி உள்ளிட்டோர் அதோடு விலகினார்கள். அடுத்து, குழுவிலிருந்த ஒரு பெண் கலைஞரைத் தாக்கியதாக ஸ்மித் கைது செய்யப்பட்டார். குமிழ்களைத் திருகியதற்குச் சொல்லப்படும் கலை நியாயம் இதற்குப் பொருந்தாது. குடிப்பழக்கத்தை மேதைமையின் அடையாளமாக எழுதும் வழக்கமும் இந்த வேறுபாட்டை மழுங்கடிக்கிறது.

3. கூட்டு உழைப்பு ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. ஊனா பெய்ன்ஸ், மார்ட்டின் பிராமா, டோனி ஃப்ரியல் ஆகிய தொடக்ககால நண்பர்களிலிருந்து 2002 முதல் 2016 வரை கீபோர்டு வாசித்த எலெனா பூலு வரை, ஒவ்வொருவரும் அந்த ஒலியை மாற்றியவர்கள். ஸ்மித்தால் மெட்டமைக்க முடியாது, வாத்தியம் வாசிக்கவும் பயிற்சி இல்லை. அவருடைய திறமை தேர்ந்தெடுப்பதில் இருந்தது: யார் வாசிக்க வேண்டும், எந்தத் துண்டு நிற்க வேண்டும், எந்தப் பிழையை அப்படியே விட வேண்டும் என்பதை அவர் காது தீர்மானித்தது. அது பெரிய திறமைதான். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு மற்றவர்கள் எதையாவது உருவாக்கித் தர வேண்டியிருந்தது.

பெயர் யாருக்குச் சொந்தம்

ஸ்மித்தோடு தி ஃபால் முடிந்துவிட்டது என்பதில் ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல், அதில் வாசித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பதில் எழுந்தது. கடைசி அணியின் மூன்று கலைஞர்கள் ‘இம்பீரியல் வாக்ஸ்’ என்ற பெயரில் புதிய பாடகரோடு 2019இல் ஆல்பம் வெளியிட்டார்கள். பிரிக்ஸ் ஸ்மித் அதற்கு முன்பே, ஸ்டீவ் ஹான்லி, அவருடைய சகோதரர் பால் ஆகியோரோடு ‘பிரிக்ஸ் அண்ட் தி எக்ஸ்ட்ரிகேட்டட்’ குழுவை அமைத்திருந்தார். 2023இல் பிராமா, ஹான்லி சகோதரர்கள், சைமன் வோல்ஸ்டன்கிராஃப்ட், பீட் கிரீன்வே ஆகிய ஐந்து முன்னாள் உறுப்பினர்கள் ‘ஹவுஸ் ஆஃப் ஆல்’ என்ற குழுவாகச் சேர்ந்தபோது, ஸ்மித்தின் குடும்பத்தார் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புதிய குழு தி ஃபாலின் தொடர்ச்சிபோல முன்வைக்கப்படுவது ரசிகர்களைத் தவறாக வழிநடத்தும் என்பது அவர்களுடைய வாதம்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. குழுவின் பெயரையும் ஸ்மித்தின் சொற்களையும் அவருடைய வாரிசுகள் பாதுகாக்க விரும்புவது இயல்பு. அதேசமயம், பிராமாவும் அவருடைய கூட்டாளிகளும் பழைய பாடல்களை எடுத்து ஓட்டவில்லை. புதிய பாடல்களையே உருவாக்கினார்கள். ஸ்டீவ் ஹான்லியின் பேஸ் கிட்டார் எங்கே ஒலித்தாலும் தி ஃபால் நினைவுக்கு வரும் என்றால், அது அவர் 19 ஆண்டுகள் தாமே உருவாக்கிய ஒலி. அதை வாசிக்கும் உரிமையை யாரிடமும் அவர் கேட்டுப் பெற வேண்டியதில்லை. ஹவுஸ் ஆஃப் ஆல் அடுத்த ஆண்டே தன் இரண்டாவது ஆல்பத்தையும் வெளியிட்டது.